மேலே ஐஸ் கட்டுகிறது, கீழே பால் திரிகிறது: கேஸ் போய்விட்டதா?

வாசகி ஒருவரின் நீண்ட கடிதம், சுருக்கமாக:

வீட்டில் இருப்பது ஏழு வருடம் ஓடிய இரண்டு கதவு ஃப்ரிட்ஜ்; பனியைத் தானே உருக்கிக்கொள்ளும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ரகம். ஒரு மாதமாக மேலே ஃப்ரீஸரில் தண்ணீர் கல்லாக உறைகிறது, ஆனால் கீழே காலையில் வைத்த பால் மாலையில் திரிந்துவிடுகிறது. இரண்டு குமிழ்களையும் கடைசி எண்ணுக்குத் திருகியும் பயனில்லை. ஃப்ரீஸரின் பின்சுவரில் பனி படர்வதைப் பார்த்த மகன் அதைக் கத்தியால் பெயர்த்திருக்கிறான்; குழாய் ஓட்டையாகியிருக்குமோ என்று பயம். கரண்ட் போய்வந்தால் காய்கறி டிரேயின் அடியில் தண்ணீர் தேங்குகிறது. இரண்டு மாதம் முன் ஃப்ரிட்ஜை வேறு மூலைக்கு நகர்த்தியதிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் ஓடுகிறது. அதிலிருந்தே வெறுங்காலோடு தரை துடைக்கும்போது கதவைத் தொட்டால் கை சுரீர் என்கிறது, அதுவும் எப்போதும் இல்லை. கணவர் டெஸ்டர் வைத்துப் பார்த்தபோது மங்கலாக எரிந்ததாம். 'அது ஸ்டேட்டிக்தான்' என்று சொல்லிவிட்டார். பக்கச் சுவர்கள் சூடாக இருப்பதால் தீப்பிடித்துவிடுமோ என்று மாமியாருக்குப் பயம். வந்த மெக்கானிக் கம்ப்ரஸர் அருகே குழாயில் ஒரு ஊசி வால்வை மாட்டி, அழுத்த அளவியின் முள் பூஜ்யத்துக்குக் கீழே நிற்பதைக் காட்டி, 'கேஸ் போய்விட்டது, நிரப்ப வேண்டும்' என்றிருக்கிறார். கீழே குளிர்ச்சி இல்லாததால் மாமியாரின் இன்சுலினை ஃப்ரீஸருக்கு மாற்றிவிட்டார்கள். மீந்த சாப்பாட்டை மறுநாள் நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிடுகிறார்கள். கேஸ் நிரப்பலாமா, புதிது வாங்கிவிடலாமா, அதுவரை இதையே ஓட்டலாமா, கரண்ட் போனால் உள்ளே உள்ளவை எவ்வளவு நேரம் தாங்கும் என்பவை கேள்விகள்.

சகோதரி, நீங்கள் கேட்ட கேள்வி கேஸைப் பற்றியது. உங்கள் கடிதத்தில் அதைவிட அவசரமான விஷயங்கள் இரண்டு இருக்கின்றன: கதவில் அடிக்கும் ஷாக், ஃப்ரீஸரில் இருக்கும் இன்சுலின். அவற்றை முதலில் பார்த்துவிடுவோம். கேஸைப் பற்றி இப்போதைக்கு ஒரு வரி: மேலே கல்லாக உறைகிற ஃப்ரிட்ஜில் கேஸ் போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நிரப்ப ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்

அது ஸ்டேட்டிக் இல்லை. ஸ்டேட்டிக், அதாவது உரசலில் சேரும் மின்னூட்டம் என்றால், வறண்ட காற்றில் ஒரே ஒரு முறை 'சடக்' என்று பொறிபோல் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். ஈரத் தரையில் நிற்கும்போது, கை வைத்திருக்கும் வரை சுரீரென்று அதிர்ந்துகொண்டே இருந்தால், மின்சாரம் ஃப்ரிட்ஜின் உடம்பிலிருந்து உங்கள் வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று பொருள். அப்படி ஃப்ரிட்ஜின் உடம்புக்குக் கசியும் மின்சாரத்தைப் பாதுகாப்பாக இறக்கிவிடுவதற்காகத்தான் பிளக்கில் எர்த் முனை இருக்கிறது. ஷாக் அடிக்கத் தொடங்கிய நாளும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மாறிய நாளும் ஒன்றாக இருப்பதால், அந்தப் பாக்ஸில் எர்த் வயர் இல்லை, அல்லது அறுந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். கசிவு முன்பே இருந்திருக்கக்கூடும். எர்த் இருந்தவரை அது உங்களுக்குத் தெரியாமல் இருந்தது.

'எப்போதும் இல்லை, சில நேரம் மட்டும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை எலக்ட்ரீஷியனிடமும் மெக்கானிக்கிடமும் அப்படியே சொல்லுங்கள். தரை ஈரமாக இருக்கும்போது மட்டும் தெரிவது ஒரு காரணமாக இருக்கலாம். பனி உருக்கும் ஹீட்டருக்கு மின்சாரம் போகும் நேரத்தில் மட்டும் கசிவது இன்னொன்று. ஹீட்டரின் உள் கம்பி அறுந்து, ஈரம் புகுந்து, ஒரு முனை உலோக உறையைத் தொட்டுக்கொண்டிருந்தால், பனியும் உருகாது, உடம்பிலும் கரண்ட் ஏறும். அப்படியானால் உங்களுடைய இரண்டு புகார்களும் ஒரே பழுதின் இரண்டு முகங்கள்.

சுவரில் இருக்கும் ஸ்விட்சை அணைத்து, கை உலர்ந்திருக்க, காலில் செருப்போடு பிளக்கைப் பிடுங்குங்கள். எர்த் சரிபார்க்கும் வரை மறுபடி போட வேண்டாம். ஃப்ரிட்ஜ் எர்த் உள்ள சுவர் சாக்கெட்டில் நேரடியாகத்தான் இருக்க வேண்டும். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் சாதாரண ஓட்டத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் தளர்ந்த தொடுமுனைகள் அதில் சூடேறிக் கருகும். வயர் எட்டவில்லை என்றால் சாக்கெட்டை நகர்த்தச் சொல்லுங்கள், அல்லது ஃப்ரிட்ஜைப் பழைய மூலைக்கே கொண்டுபோங்கள்.

எலக்ட்ரீஷியன் இரண்டு காரியங்களைச் செய்ய விடாதீர்கள். ஒன்று, சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைப்பது. எங்காவது நியூட்ரல் அறுந்தால் ஃப்ரிட்ஜின் உடம்பு முழுவதும் முழு மின்னழுத்தத்துக்குப் போய்விடும். இன்னொன்று, எர்த்தைத் தண்ணீர்க் குழாயிலோ சமையல் கேஸ் குழாயிலோ கட்டுவது. முறையான எர்த் வந்த பிறகு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி உங்கள் மின்பலகையில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் போட்டுவிடுங்கள், சாதாரண ஃபியூஸ் இந்த அளவு கசிவுக்கு அசையாது. டெஸ்டர் எரிவதை வைத்து ஆபத்தை அளக்க முடியாது, எரியாததை வைத்து நிம்மதி அடையவும் முடியாது. ஃப்ரிட்ஜின் லைன் முனைக்கும் உடம்புக்கும் இடையே இன்சுலேஷனை அளக்கும் கருவியான 500 வோல்ட் மெகரில் பார்க்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் கீழே இறங்கினால், கசியும் பாகத்தைக் கண்டுபிடிக்காமல் அந்த ஃப்ரிட்ஜை ஓட்டக் கூடாது.

இன்சுலினும் மீந்த சாப்பாடும்

ஃப்ரீஸரில் வைத்த இன்சுலினைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தாதீர்கள். இன்சுலின் உறைந்தால் அதன் செயல் கெடும். உருகிய பிறகு பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம். ஆனால் போட்ட ஊசிக்குச் சர்க்கரை குறையாது, அல்லது ஒரு நாள் குறையும், ஒரு நாள் குறையாது. உறைந்ததா இல்லையா என்று ஐயமிருந்தாலும் அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வாங்குங்கள். கடந்த சில நாட்களில் அந்த இன்சுலினைப் போட்டிருந்தால், மாமியாரின் சர்க்கரை அளவை இன்றே பார்த்து மருத்துவரிடம் விவரத்தைச் சொல்லுங்கள். அளவு ஏறியிருந்தால் நீங்களாக டோஸைக் கூட்டிவிட வேண்டாம். புதுக் குப்பி முழு வீரியத்தோடு இருக்கும்; கூட்டிய டோஸில் அதைப் போட்டால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும்.

ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் இன்சுலின் உடனே வீணாகிவிடும் என்று நினைத்துத்தானே ஃப்ரீஸருக்கு மாற்றினீர்கள்? அந்த நினைப்புதான் தவறு. திறக்காத குப்பிகளுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்பது மாதக்கணக்கில் சேமிக்க. பயன்பாட்டில் இருக்கும் குப்பியும் பேனாவும் பெரும்பாலும் 25 அல்லது 30 டிகிரிக்குள் சுமார் 4 வாரம் வரை வெளியிலேயே இருக்கலாம். உங்கள் மருந்துக்கு உரிய சரியான வெப்பமும் நாட்களும் அதன் பெட்டியில் உள்ள தாளில் இருக்கும். வெளியே எடுத்த தேதியைக் குப்பியில் எழுதி ஒட்டி, அடுப்புக்கும் வெயிலுக்கும் தள்ளி வையுங்கள். மீதியை நன்றாக ஓடும் ஃப்ரிட்ஜ் உள்ள அக்கம்பக்கத்து வீட்டில் கொடுத்துவைக்கலாம். ஐஸ் பையோடு ஒட்டி மட்டும் வைக்கக் கூடாது.

அடுத்தது சாப்பாடு. மறுநாள் நன்றாகக் கொதிக்கவைத்தால் எல்லாம் செத்துவிடும் என்று நம்புகிறீர்கள். கிருமி சாகும், உண்மைதான். ஆனால் சில கிருமிகள் பெருகும்போது உணவில் விட்டுச்செல்லும் நஞ்சு கொதிக்கும் சூட்டையும் தாங்கும். சோற்றில் வளரும் பேசில்லஸ் செரியஸ், கைபட்ட உணவில் வளரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் இரண்டும் அப்படித்தான். வாசனையும் கைகொடுக்காது, நாற வைக்கும் கிருமி வேறு, நோய் தரும் கிருமி வேறு.

கீழ்த்தட்டு 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், ஃப்ரீஸர் மைனஸ் 18. ஏறத்தாழ 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவேதான் கிருமிகள் வேகமாகப் பெருகும். பால், சமைத்த சோறு, இறைச்சி, மீன் எல்லாம் இந்த எல்லைக்குள் மொத்தமாக 2 மணி நேரத்துக்கு மேல் இருந்துவிட்டால் குப்பைக்குத்தான். காலையில் வைத்த பால் மாலையில் திரிகிறது என்றால் உங்கள் கீழ்த்தட்டு பல நாட்களாக இந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அதனால் இப்போது உள்ளே இருக்கும் சமைத்த உணவையும் பாலையும் இறைச்சியையும் கொட்டிவிடுங்கள். முழுக் காய்கறி, பழம், ஊறுகாய் போன்றவற்றை வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை நோயாளியும் முதியவரும் உள்ள வீடு உங்களுடையது; அவர்களுக்கு இந்த நஞ்சு மற்றவர்களைவிடக் கடுமையாக வரும்.

கரண்ட் போகும் நாட்களுக்கான கணக்கையும் கேட்டிருந்தீர்கள். கதவைத் திறக்காமல் இருந்தால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு சுமார் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீஸர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். ஃப்ரீஸர் பொருளில் ஐஸ் பொருக்கு இன்னும் இருந்தால் மறுபடி உறையவைக்கலாம். முழுதாக இளகி வெதுவெதுப்பாகிவிட்டதென்றால் கூடாது.

ஏன் கேஸ் இல்லை என்கிறேன்

உங்கள் ஃப்ரிட்ஜில் குளிர் உண்டாகும் இடம் ஒன்றே ஒன்று: ஃப்ரீஸரின் பின்பக்கப் பிளாஸ்டிக் பலகைக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயில். மெல்லிய அலுமினியத் தகடுகள் அடுக்கடுக்காகக் கோத்த ஒரு குழாய் அது. அதன் மேல் ஒரு சிறிய ஃபேன் சுழன்று, காயிலின் ஊடே காற்றை இழுத்து, பெரும்பகுதியை ஃப்ரீஸருக்குள்ளும், மீதியை ஒரு குறுகிய வழியாகக் கீழ்த்தட்டுக்கும் அனுப்பும். கீழே தனியாகக் குளிர் உண்டாவதில்லை. மேலிருந்து இறங்கும் காற்றுதான் அதற்கு எல்லாம்.

கதவு திறக்கும்போதெல்லாம் நுழையும் ஈரம் அந்தத் தகடுகளின் மேல் பனியாக ஒட்டும். பல மாடல்களில் 8 முதல் 12 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கம்ப்ரஸர் நின்று, காயிலுக்கு அடியில் இருக்கும் ஹீட்டர் 15 முதல் 30 நிமிடம் எரிந்து அதை உருக்கும். உருகிய நீர் ஒரு குழாய் வழியாக இறங்கி, கம்ப்ரஸரின் மேல் உள்ள தட்டில் விழுந்து ஆவியாகும். இந்தச் சுற்றில் ஹீட்டரோ வேறு பாகமோ வேலை செய்யாவிட்டால் பனி நாள்தோறும் தடிக்கும். பலகையைக் கழற்றினால் தகடுகளே தெரியாமல் முழுக் காயிலும் வெள்ளைக் கட்டியாக நிற்கும். காற்று புக இடமில்லை. ஃப்ரீஸர் அந்தப் பனிக்கட்டிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதன் தொடுகுளிரிலேயே உறைந்துகொண்டிருக்கும். கீழ்த்தட்டுக்குக் காற்று வராது. பின்பலகையில் வெளியே பனி படர்ந்தது அந்தக் கட்டி பலகையை முட்டிக்கொண்டு நிற்பதற்கான அடையாளம். கரண்ட் போகும்போது அது கொஞ்சம் இளகும், வடிகுழாயும் உறைந்து அடைத்திருப்பதால் நீர் காற்று வழியாகக் கீழே ஒழுகி உங்கள் காய்கறி டிரேக்கு அடியில் தேங்கும். உங்கள் கடிதத்தில் உள்ள அறிகுறி ஒவ்வொன்றும் இதோடு பொருந்துகிறது.

கேஸ் குறைந்திருந்தால் படம் வேறு மாதிரி இருக்கும். கேஸ் நுழையும் முனையில் மட்டும் ஒரு திட்டாகப் பனி கட்டும், மீதித் தகடுகள் வெறுமையாக இருக்கும். ஃப்ரீஸரிலேயே தண்ணீர் சரியாக உறையாமல் போகும். கத்தி பட்டுக் குழாய் ஓட்டையாகிவிட்டதோ என்று பயப்படுகிறீர்கள். ஓட்டையாகியிருந்தால் ஃப்ரீஸரும் இதற்குள் செத்திருக்கும். தப்பித்தீர்கள். ஆனால் இனி ஒருநாளும் கத்தியோ ஸ்க்ரூ டிரைவரோ அங்கே போகக் கூடாது.

அந்த அளவியின் முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அனுபவமுள்ள மெக்கானிக்குகளே ஏமாறும் இடம் அது. கம்ப்ரஸர் அருகே ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். ஆர்600ஏ என்று போட்டு, மஞ்சள் முக்கோணத்தில் தீச்சுடர் படம் இருந்தால், உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன் என்னும் எரியக்கூடிய கேஸ். அது சாதாரணக் காற்றழுத்தத்தில் கிட்டத்தட்ட மைனஸ் 12 டிகிரியில் கொதிக்கும். ஃப்ரீஸர் காயில் மைனஸ் 20க்கும் கீழே போக வேண்டும் என்றால் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்தே ஆக வேண்டும். எனவே ஓடும்போது அளவி முள் பூஜ்யத்துக்குக் கீழே நிற்பது அந்த ஃப்ரிட்ஜின் இயல்பு. ஆர்134ஏ என்ற வேறு கேஸ் உள்ள பழைய ஃப்ரிட்ஜுகளில் பூஜ்யமோ அதற்குச் சற்று மேலோ பார்த்துப் பழகிய கண்ணுக்கு 'கேஸ் இல்லை' என்று தோன்றும். அதன்மேல் கேஸை ஏற்றினால் நன்றாக இருந்த அமைப்பு கெடும். வீட்டு ஃப்ரிட்ஜில் இதன் மொத்த அளவே பெரும்பாலும் 30 முதல் 80 கிராம்தான். 10 கிராம் கூடினாலே சமநிலை குலைந்துவிடும்.

அவர் மாட்டிய ஊசி வால்வு எனக்குக் கவலை தருகிறது. ஊசி குத்தி மாட்டும் வால்வு நாள்பட ரப்பர் தளர்ந்து கசியும். ஆர்600ஏ ஃப்ரிட்ஜ் ஓடும்போது அந்தப் பக்கம் வெற்றிடம்போல் இருப்பதால் கேஸ் வெளியே வராது. மாறாக வெளிக்காற்றும் ஈரமும் உள்ளே இழுக்கப்படும். ஆகவே சோப்பு நுரைச் சோதனையை ஓடும்போது செய்தால் குமிழே வராது. ஃப்ரிட்ஜை அணைத்து, காயில் வெதுவெதுப்பான பிறகு நுரை வைத்துப் பார்க்க வேண்டும். கசிவு இல்லையென்றாலும் அடுத்த பழுதுபார்ப்பில் அந்த வால்வை எடுத்துவிட்டுக் குழாயை முறைப்படி அடைக்கச் சொல்லுங்கள். அதுவரை வால்வை யாரும் திருகக் கூடாது. வெளியேறும் ஐசோபியூட்டேன் காற்றைவிட எடை கூடியது, தரையோடு தேங்கும், பொறி பட்டால் பற்றும்.

பிளக் இல்லாத 24 மணி நேரத்தை வீணாக்காதீர்கள்

எர்த் சரியாகும் வரை ஃப்ரிட்ஜ் நிற்கப்போகிறது. அந்த நேரத்திலேயே உள்ளே உள்ள பனியை முழுதாக உருக்கிவிடலாம். பழுது என்ன என்பதற்கான சோதனையும் அதுவே.

இரண்டு தட்டுகளையும் காலி செய்யுங்கள். உறைந்த பாட்டில்களை ஒரு வெப்பம் புகாத பெட்டியில் போட்டால் தேவையான பொருள்களுக்கு ஒரு நாள் குளிர்ப்பெட்டி கிடைக்கும். இரண்டு கதவுகளையும் முழுக்கத் திறந்துவையுங்கள். ஃப்ரீஸர் தளத்திலும் காய்கறி டிரேயின் இடத்திலும் பழைய துண்டுகளை விரியுங்கள். ஒரு மேஜை விசிறியை எட்ட வைத்து ஃப்ரீஸருக்குள் காற்றடிக்கச் செய்தால் வேகமாக உருகும். ஒழுகும் தண்ணீர் விசிறியின் வயர் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், கொதிநீர் ஊற்றவும் வேண்டாம். பிளாஸ்டிக் வளையும், விரியும். பனி பலகைக்குப் பின்னால் இருப்பதால் வெளியே ஈரம் காய்ந்தவுடன் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். முழு 24 மணி நேரம் விடுங்கள். பின்பக்கத் தட்டு இவ்வளவு நீரை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதில்லை. ஓரிரண்டு மணிக்கொரு முறை பஞ்சால் ஒற்றி எடுக்காவிட்டால் தரைக்கு வழியும்.

மறுநாள், எர்த் உறுதியான பிறகு ஓடவிடுங்கள். இரண்டு குமிழ்களையும் நடுவில் வையுங்கள். இதுவரை இரண்டையும் கடைசி எண்ணில் வைத்திருந்தீர்கள், அது கெடுதலே செய்தது. குமிழில் உள்ள எண் வெப்பநிலை கிடையாது, குளிரூட்டும் அளவு. உங்களுடையதைப் போன்ற பல இரண்டு கதவு மாடல்களில் ஃப்ரீஸர் குமிழ் செய்யும் வேலை காற்றைப் பங்கு பிரிப்பதுதான்: அதைக் கூட்டினால் மேலே அதிகக் காற்று நிற்கும், கீழே இறங்குவது குறையும்.

ஒரு சிறிய வெப்பமானியைத் தண்ணீர் நிரம்பிய கிளாஸில் போட்டு நடுத்தட்டில் வையுங்கள். காற்றில் தொங்கவிட்டால் கதவு திறக்கும்போதெல்லாம் முள் ஆடும். தண்ணீரில் இருப்பதுதான் உணவின் வெப்பத்தைக் காட்டும். 24 மணி நேரம் கழித்துக் காலையில் கதவைத் திறந்தவுடன் பாருங்கள். நாள்தோறும் காலையில் ஒரு தாளில் குறித்து வாருங்கள்.

முதல் சில நாள் 4 டிகிரிக்கு இறங்கி, ஒரு வாரம் பத்து நாளில் மறுபடி 8, 10, 12 என்று ஏறினால் பனி உருக்கும் சுற்றில்தான் பழுது, ஐயமே வேண்டாம். தொடக்கத்திலிருந்தே கீழே குளிரவில்லை, மேலே உறைகிறது என்றால், ஃப்ரீஸர் கதவைத் திறந்து கதவுச் சட்டத்தில் உள்ள சிறு பொத்தானை விரலால் அழுத்திக்கொண்டு காது கொடுங்கள். பல மாடல்களில் கதவு திறந்தால் ஃபேன் நின்றுவிடும், பொத்தானை அழுத்தினால் சுழலும். கம்ப்ரஸர் ஓடும்போதும் ஃபேன் சத்தமே வரவில்லையென்றால் ஃபேன் மோட்டார். சத்தம் வருகிறது, காற்றும் இருக்கிறது, கீழே மட்டும் இல்லை என்றால் காற்று வழியைத் திறந்து மூடும் மடலான டேம்பர் மூடிய நிலையில் சிக்கியிருக்கலாம். மேலேயும் உறையாமல் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடினால்தான் கேஸையோ கம்ப்ரஸரையோ சந்தேகிக்க வேண்டும்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்பது

பனி உருக்கும் சுற்றில் ஹீட்டர், பைமெட்டல் தெர்மோஸ்டாட், வெப்ப ஃபியூஸ், டைமர் என்று நான்கு பாகங்கள். சில மாடல்களில் டைமருக்குப் பதில் போர்டும் சென்சாரும் இருக்கும். எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றுவதற்குப் பதில் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். அளப்பது பத்து நிமிட வேலை.

ஹீட்டர் 230 வோல்ட்டில் 150 வாட் என்றால் சுமார் 350 ஓம் காட்ட வேண்டும். 200 வாட் என்றால் சுமார் 265. முடிவிலி காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. அதே ஹீட்டரின் முனைக்கும் உலோக உறைக்கும் இடையே மெகர் வைத்துப் பார்க்க மறக்கக் கூடாது. உங்கள் ஷாக்கின் விடை அங்கே இருக்கலாம். வெப்ப ஃபியூஸ் எப்போதும் தொடர்பு காட்ட வேண்டும். பைமெட்டல் அப்படியில்லை: குளிரில் இணையும், சூட்டில் பிரியும். அறை வெப்பத்தில் தொடர்பு இல்லை என்று காட்டினால் அதைப் பழுது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். வேறு ஒரு ஃப்ரீஸரில் அரை மணி நேரம் வைத்து, எடுத்த கையோடு அளந்தால்தான் உண்மை தெரியும். டைமரை அதன் பள்ளத்தில் ஸ்க்ரூ டிரைவர் வைத்து 'க்ளிக்' என்று கேட்கும் வரை மெதுவாகத் திருப்பினால் கம்ப்ரஸர் நின்று ஹீட்டர் சுற்றுக்கு மின்சாரம் போக வேண்டும். பிறகு தானாகத் திரும்பி வராவிட்டால் டைமர் மோட்டார் நின்றுவிட்டது.

வெப்ப ஃபியூஸ் போயிருந்தால் அதை வெட்டிவிட்டு வயரை நேரடியாக முறுக்கிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கண்டிப்பாக அனுமதிக்காதீர்கள். பைமெட்டல் ஒட்டிக்கொண்டு ஹீட்டர் நிற்காமல் எரியும் நாளில் அதைத் துண்டிக்க அந்த ஃபியூஸ் மட்டுமே உண்டு. பிளாஸ்டிக்கும் நுரையும் எரியும் கேஸும் சூழ்ந்த இடத்தில் ஹீட்டர் இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு கேஸ்தான் என்று யாராவது உறுதியாகச் சொன்னால், கசிவு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். இது மூடிய குழாய்ச் சுற்று. கேஸ் எரிபொருள்போலத் தீர்ந்துபோகாது. கசிவை அடைக்காமல் நிரப்பினால் சில மாதங்களில் அதே நிலை. முறையான வேலை என்றால் கசிவை அடைத்து, குழாயில் ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் டிரையரைப் புதிதாகப் போட்டு, பம்ப் வைத்து வெற்றிடமாக்கி, லேபிளில் உள்ள அதே கேஸை, அதே கிராம் அளவில், எடைத் தராசில் நிறுத்து ஏற்றுவது. தராசு இல்லாமல் முள்ளைப் பார்த்து ஏற்றுபவரிடம் ஆர்600ஏ ஃப்ரிட்ஜைக் கொடுக்காதீர்கள். கேஸ் உள்ளே இருக்கும்போது குழாயில் தீச்சுடர் வைத்துப் பற்றவைப்பதும் கூடாது. மாற்றிய பழைய பாகங்களைக் கையில் வாங்கிக்கொள்வதும், என்ன அளந்தார், என்ன மாற்றினார் என்று ரசீதில் எழுதி வாங்குவதும் உங்கள் உரிமை. கூச்சப்படாமல் கேளுங்கள்.

மாமியாரின் பயம், புது ஃப்ரிட்ஜ்

பக்கச் சுவர் சூடாக இருப்பது பழுது இல்லை. உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை வெளியேற்றும் குழாய் பல மாடல்களில் பக்கச் சுவர்களுக்குள்ளேயே ஓடுகிறது. கதவுச் சட்டத்தைச் சுற்றியும் ஓடும், அங்கே வேர்க்காமல் இருக்க. கை வைத்து எடுக்க முடிகிற சூடு இயல்பு. ஆனால் புது மூலையில் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறீர்கள் என்றால் அந்தச் சூடு போக வழியில்லை. பக்கங்களில் 5 சென்டிமீட்டர், பின்னால் 10 சென்டிமீட்டராவது விடுங்கள். பின்புறம் கறுப்புக் கம்பி வலை தெரிந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள்.

கதவு ரப்பரையும் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் அது தளர்ந்திருந்தால் ஈரம் உள்ளே புகுந்து பனி இரட்டிப்பாகும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். பிடித்து இழுபட வேண்டும். வழுக்கி வந்தால் அந்த இடத்தில் இடைவெளி. நான்கு பக்கமும் பாருங்கள். பெரும்பாலும் ரப்பர் மடிப்பில் உள்ள பிசுக்கைச் சோப்பு நீரில் துடைத்தாலே சரியாகிவிடும்.

புதிது வாங்க அவசரப்பட வேண்டாம். பனி உருக்கும் பாகங்கள் எதுவானாலும் ஃப்ரிட்ஜின் விலையில் சிறு பங்குதான், ஏழு வருடக் கம்ப்ரஸரும் இன்னும் உறையவைக்கிறது. நுரைச் சுவருக்குள் புதைந்த குழாயில் கசிவு என்று நிரூபணமானால் மட்டும் செலவு செய்யாமல் மாற்றிவிடுங்கள். அந்தப் பழுதை நிலைத்து நிற்கும்படி சரிசெய்வது கடினம்.

பாகம் மாற்றிய பிறகும் கிளாஸில் உள்ள வெப்பமானியை எடுத்துவிடாதீர்கள். பனி சேர்ந்து காற்றை அடைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால் முதல் மூன்று நாள் குளிர்ச்சியை நம்பிப் பழுது தீர்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். இரண்டு வாரம் காலைக் குறிப்பு 4 டிகிரியை ஒட்டியே வந்தால், மாமியாரின் திறக்காத இன்சுலினை நடுத்தட்டில், பின்சுவரையும் காற்றுத் துவாரத்தையும் தொடாமல், ஒரு சிறு டப்பாவில் வைத்து உள்ளே வையுங்கள்.